அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரா, முங்கி எழுந்த காரா? வாங்கும் முன் வேளச்சேரியைக் கேளுங்கள்!

மழை எச்சரிக்கை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் குடையைத் தேடுவார்கள். வேளச்சேரிக்காரர்கள் கார் சாவியைத் தேடுவார்கள். 2024 அக்டோபரில் கனமழை வரப்போகிறது என்று வானிலை மையம் சொன்னதுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. 'அபராதம் போடுகிறார்கள்' என்று ஒரு பேச்சு கிளம்ப, 'அப்படியெல்லாம் இல்லை' என்று போலீஸே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. மழை வரும் முன்பே மேம்பாலம் பார்க்கிங் ஆன அந்தப் படங்களை நாடே வேடிக்கை பார்த்தது.

வேடிக்கை பார்த்தவர்களுக்கு 2015 டிசம்பர் தெரியாது. டிசம்பர் 1-ம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. பள்ளிக்கரணை சதுப்பு நிலமும் வேளச்சேரி ஏரியும் ஒரு காலத்தில் வாங்கிக்கொண்ட தண்ணீர், இப்போது வீடுகளாகிவிட்ட இடத்தில் வந்து நின்றது. தரைத்தள பார்க்கிங்கில் இருந்த கார்கள் கூரை வரை மூழ்கின. மாருதி 800-ம் மூழ்கியது, பக்கத்து வீட்டு பி.எம்.டபிள்யூ-வும் மூழ்கியது. தண்ணீருக்கு பிராண்டு தெரியாது.

அப்புறம் அந்தக் கார்களெல்லாம் எங்கே போயின? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கை முடித்த கார்களில் பல, பழைய இரும்பாகவில்லை. ஏலத்துக்குப் போயின. வாங்கியவர்கள் கழுவி, காயவைத்து, சரிசெய்து திரும்பவும் ரோட்டில் விட்டார்கள். கார் வெறியர்கள் பலருடைய ஒரு கனவு தொடங்கும் இடம் இதுதான். புதிதாக வாங்கவே முடியாத ஸ்போர்ட்ஸ் காரை, சேதமான நிலையில் மலிவாக வாங்கி, நாமே சரிசெய்து ஓட்டினால் என்ன?

கனவில் தப்பே இல்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தூரத்துக்கு இரவு நேரக் கார் ரேஸ் நடந்தது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி, துபாய் 24 மணி நேரப் போட்டியில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அதற்குப் பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் போர்ஷே என்ற பெயரை இட்லி, தோசை மாதிரி உச்சரிக்கிறார்கள். ஆசை வந்தாயிற்று. ஆனால், பாக்கெட்?

பாதி விலைக்கு எப்படிக் கிடைக்கிறது?

முதலில் ஒரு கணக்கு. ஃபோர்டு மஸ்டாங் 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய். 5 லிட்டர் வி8 இன்ஜின், 400 குதிரைத் திறனுக்குப் பக்கத்தில். இரண்டு வருஷம் முடிந்து மூன்றாவது வருஷத்தில் ஓடும் காருக்கு, இன்ஷூரன்ஸில் 30 சதவிகிதம் தேய்மானம் கழிப்பார்கள். 65 லட்சத்தில் 30 சதவிகிதம் போனால் 45 லட்சத்து 50 ஆயிரம். இதைத்தான் ஐ.டி.வி என்கிறார்கள். கார் முழுசாகப் போனால் கிடைக்கிற தொகை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தக் கார் ஒரு தூணில் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சர்வேயர் வந்து பார்க்கிறார். ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். இந்தக் கணக்கில் அது 34 லட்சத்து 12 ஆயிரத்து 500 ரூபாய். மஸ்டாங் முழுக்க இறக்குமதியான கார். ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர், ஏர்பேக் என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது பார்ட்ஸ் விலையைக் கூட்டிக்கொண்டே போனால், அந்த எல்லையைத் தொடுவது கஷ்டமே இல்லை.

கவனிக்க வேண்டியது இதுதான். டோட்டல் லாஸ் என்பது 'இனி ஓடாது' என்று மெக்கானிக் சொன்ன தீர்ப்பு அல்ல. 'ரிப்பேர் செய்தால் கட்டுபடியாகாது' என்று கம்பெனி போட்ட கணக்கு. சர்வீஸ் சென்டர் 35 லட்சம் எஸ்டிமேட் கொடுத்த காரை, பழைய பார்ட்ஸ் தேடிப்பிடித்து, நல்ல டிங்கரிடம் கொடுத்து, பாதிச் செலவுக்குள் எழுப்பிவிட முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சேதமான கார் வியாபாரமே நடக்கிறது.

ஏலத்தில் 'உள்ளது உள்ளபடி' என்பதுதான் விதி. யார்டுக்குப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் ஓட்டிப் பார்க்க முடியாது. ஜெயித்தால் பணத்தைக் கட்டி, டோயிங் வண்டி பிடித்து நீங்களே எடுத்துவர வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு 'இன்ஜின் சரியில்லையே' என்று யாரிடமும் போய் நிற்க முடியாது.

அடி தெரியும், தண்ணீர் தெரியாது

சேதமான கார் என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். உண்மையில் அதில் இரண்டு ஜாதி. மோதியது ஒன்று, மூழ்கியது ஒன்று. பார்க்கப் பயங்கரமாக இருப்பது முதல் வகை. ஆனால், தைரியமாக அணுக முடிவதும் அதைத்தான்.

மோதிய காரில் சேதம் கண்ணுக்குத் தெரியும். எங்கே அடி, எதுவரை போயிருக்கிறது, சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். பெயின்ட் கனத்தை அளக்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. கம்பெனி பெயின்ட் சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். அதே கருவி ஒரு இடத்தில் ஆயிரத்தைத் தொட்டால், அங்கே உள்ளே பட்டி இருக்கிறது என்று அர்த்தம்.

மூழ்கிய கார் அப்படியல்ல. வெளியே கீறல்கூட இருக்காது. பாலிஷ் போட்டால் மணமகன் மாதிரி நிற்கும். நோய் முழுக்க உள்ளே. இன்றைய காரில் ஒயரிங்கில் கணிசமான பகுதி கார்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. சில கார்களில் கன்ட்ரோல் யூனிட்கள் சீட்டுக்குக் கீழேயும் டிக்கியின் தரையிலும் இருக்கின்றன. வெள்ளத் தண்ணீர் என்பது வெறும் மழைத் தண்ணீரா என்ன? சாக்கடையும் சேறும் கலந்தது. கனெக்டர்களுக்குள் போன ஈரம் அன்றைக்கே வேலையைக் காட்டாது. ஆறு மாதம் கழித்து, பின்னுக்கு மேல் பச்சை பூத்து, ஒரு நாள் பவர் விண்டோ நிற்கும். அடுத்த வாரம் ஏ.பி.எஸ் லைட் எரியும். அதற்கடுத்த வாரம் கார் கிண்டி கத்திப்பாராவில் நடு ரோட்டில் நிற்கும். எந்த ஒயர் என்று தேடுவதற்கே ஒரு மாதச் சம்பளம் போய்விடும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இது இன்னும் மோசம். மாருதி ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் அதைவிடத் தாழ்வு. நமக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் என்றால் அதற்கு அது கழுத்தளவு. காற்றை இழுக்கும் குழாய் வாயும் முன்பக்கம் தாழ்வாகவே இருக்கும்.

அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் என்ன ஆகும்? பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அமுக்குகிறது. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'ஹைட்ரோலாக்' என்பது இதுதான். 2015-ல் தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருகிப் பார்த்தவர்களுக்கு இது நடந்தது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு டோ செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்ததால் போன இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கென்றே 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனி ஆட்-ஆன் விற்கிறார்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் குடியிருப்பவர்கள் அதைப் போடாமல் இருப்பது தைரியமல்ல, அசட்டுத்தனம்.

மூக்கும் விரலும் போதும்

மூழ்கிய காரைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி வரை வெளியே இழுங்கள். துவைக்க மறந்த அந்தக் கடைசி அடியில் சேற்றின் கோடு இருக்கும். சீட்டைத் தாங்கும் ரெயிலின் போல்ட்டுகளைப் பாருங்கள். மூன்று வயது காரில் அங்கே துரு பிடிக்க வேறு காரணமே கிடையாது. ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஹெட்லைட்டுக்கு உள்ளே மங்கல் படர்ந்திருக்கிறதா? கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை தூக்கலாக அடிக்கிறதா? அப்படியானால் எதையோ மறைக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு, வெயிலில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு மறுபடி மோந்து பாருங்கள்.

ஏர்பேக் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. மோதலில் வெடித்த ஏர்பேக்கை மாற்றினால் லட்சத்தில் செலவு. அதற்குப் பயந்து, கவரை மட்டும் ஒட்டிவிட்டு, ஒயரில் ஒரு ரெசிஸ்டரைச் சொருகி கம்ப்யூட்டரை ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். டேஷ்போர்டில் லைட் எரியாது. எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அடுத்த மோதலில்தான் உள்ளே ஒன்றுமே இல்லை என்று தெரியும். இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் லைட் சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையே பிடுங்கியிருக்கலாம். எரிந்து அணைந்தாலும் அதை மட்டும் நம்பாமல், கம்பெனி ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்தில் ஸ்டியரிங்கைத் திறந்து காட்டச் சொல்வது நல்லது. சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரீடென்ஷனரும் ஒருமுறை வேலை செய்தால் மாற்ற வேண்டியதுதான். குடும்பத்தை உட்கார வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் இதில் பேரமே கிடையாது.

புதுப்பேட்டையில் கிடைக்காதது

சென்னையில் கார் பார்ட்ஸ் என்றாலே புதுப்பேட்டை. கூவம் கரையோரச் சந்துகளில் கதவு, கியர்பாக்ஸ், கண்ணாடி என்று எது கேட்டாலும் எங்கிருந்தாவது எடுத்துவருவார்கள். புது பார்ட்ஸுக்கும் அலங்காரச் சாமான்களுக்கும் ஜி.பி ரோடு. ஆனால், இந்தச் சந்தைகளின் பலம் அதிகம் விற்ற கார்களில்தான். ஊரில் ஆயிரக்கணக்கில் ஓடும் காருக்கு மலிவாகப் பார்ட்ஸ் கிடைக்கும். விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் விற்ற காருக்கு எப்படிக் கிடைக்கும்?

மஸ்டாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டுக்கு மறைமலை நகரிலேயே தொழிற்சாலை இருந்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால், தொழிற்சாலை ஓடியபோதும் மஸ்டாங் அங்கே தயாராகவில்லை. அதன் பார்ட்ஸ் கடல் கடந்துதான் வர வேண்டும். பார்ட்ஸ் விலை, சுங்க வரி, வந்து சேரும் வரை காத்திருப்பு, எல்லாம் உங்கள் தலையில்.

டிங்கரிங்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்புத் தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் நம் ஊர் டிங்கர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால், மஸ்டாங்கின் பானெட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். அலுமினியம் இரும்பு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. அதிகம் தட்டினால் விரிசல் விடும். வெல்டிங்கும் வேறு, டூல்ஸும் வேறு. இரும்பைத் தேய்த்த அதே பிரஷ்ஷை அலுமினியத்தில் வைத்தால்கூடப் பின்னால் அரிப்பு எடுக்கும். அதனால் 'நம்ம ஏரியா கடையிலேயே பார்த்துக்கலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இப்படிச் செலவு போடும்போது முக்கால்வாசிப் பேர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். காரைப் பிரிக்கும்போது புதுசாக வெளியே வரும் சேதம். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு பம்பர், ஒரு ஹெட்லைட். கழற்றினால் அதற்குப் பின்னால் ரேடியேட்டர், ஏ.சி கண்டென்சர், ஒரு உடைந்த சென்சார், வளைந்த பிராக்கெட். போட்ட எஸ்டிமேட்டுக்கு மேல் இன்னொரு பாதியைத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர்கள் ஏலத்தில் கையைத் தூக்காமல் இருப்பதே உத்தமம். பாதி பிரித்த நிலையில் பணம் தீர்ந்து, ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் கார்களை எந்த ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் பார்க்கலாம். மாத வாடகை வேறு ஏறிக்கொண்டிருக்கும்.

ஆர்.சி-யில் அது எழுதியிருக்காது

அமெரிக்காவில் இப்படிக் கணக்கு முடிந்த காரின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து 'எஸ்', 'என்' என்று வகை பிரித்திருக்கிறார்கள். காரின் எலும்புக்கூடே அடிபட்டிருந்தால் எஸ், மற்றபடி என். அடுத்து வாங்குபவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நம் ஊர் ஆர்.சி-யில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. கார் முற்றிலும் அழிந்துவிட்டாலோ, நிரந்தரமாக ஓடாத நிலைக்குப் போய்விட்டாலோ 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-விடம் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு. ஆனால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் டோட்டல் லாஸ் என்பது பணக் கணக்கு. கார் 'அழிந்தது' என்று அதற்கு அர்த்தமில்லை. அதனால் ஆர்.சி உயிரோடு இருக்கும், கார் கை மாறும், மூன்றாவது கையில் வாங்குபவருக்கு அது ஒரு காலத்தில் வேளச்சேரியில் நீச்சலடித்தது என்று தெரியவே தெரியாது. இதை மாற்ற ஒரு புதுச் சட்டம்கூட வேண்டாம், ஆர்.சி-யில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஏன் இன்னும் செய்யவில்லை என்பது ஆச்சர்யம்தான்.

உயிரோடு இருக்கும் அந்த ஆர்.சி-க்கு இன்னொரு வியாபாரமும் உண்டு. நொறுங்கிய காரை அதன் பேப்பர்களுக்காகவே வாங்கி, அந்த நம்பரையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டுக் காரில் அடித்து விற்கும் கும்பல்களை வட மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. அதனால், ஆர்.சி-யில் உள்ள சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் காரில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணைச் சுற்றித் தேய்த்த அடையாளமோ வெல்டிங்கோ இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். பரிவாகன் தளத்தில் கடன், அபராதம், இன்ஷூரன்ஸ் நிலவரம் பார்த்துவிடலாம். கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி-யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில கார் என்றால் படிவம் 28-ல் அங்கிருந்து என்.ஓ.சி, பிறகு இங்கே வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு ஆயுள்கால வரி 20 சதவிகிதம். பழைய காருக்கு வயதுக்கு ஏற்பக் குறையும் என்றாலும், டெல்லியில் மலிவாகக் கிடைத்தது என்று குதிப்பதற்கு முன் இந்தத் தொகையை விசாரித்துவிடுங்கள்.

'ஒரிஜினல் இன்ஜின் போனால் என்ன, வேறொன்றைப் போட்டுக்கலாம்' என்ற யோசனைக்கும் ஒரு வேகத்தடை இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.டி.ஓ அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றிய கார், விபத்து நடந்த அன்று உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

இன்ஷூரன்ஸையும் காரை வாங்கும் முன்பே பேசிவிடுவது நல்லது. ஒருமுறை டோட்டல் லாஸ் ஆன காருக்கு முழு பாலிசி கொடுக்க எல்லா கம்பெனியும் முன்வராது. கார் ரெடியாகி, பெயின்ட் வாசனை போவதற்குள், 'தேர்டு பார்ட்டி மட்டும்தான்' என்ற பதில் வந்தால், பல லட்சம் போட்ட காருக்குப் பாதுகாப்பே இல்லாமல் போகும்.

அப்படியானால் வேண்டாமா?

வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஏனென்றால், கையில் கிடைத்ததை வைத்து வேகமான கார் கட்டுவது இந்த மண்ணில் பழைய வித்தை. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஃபியட்டும் பிரித்து மேயப்பட்டுப் பறந்தன. கோவையின் எஸ்.கரிவரதன், மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஒற்றை இருக்கை ரேஸ் கார்களையே உருவாக்கிவிட்டார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள 'கரி மோட்டார் ஸ்பீட்வே' அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் கையில் இருந்தது அத்தனை பேருக்கும் கிடைக்கிற இன்ஜின், அதற்குள் இருந்தது அத்தனையும் அவருக்குத் தெரியும்.

அந்த வழி இன்றைக்கும் திறந்திருக்கிறது. முதல் முயற்சிக்கு வி8 எதற்கு? ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் போன்றவற்றின் பார்ட்ஸ் பல, சாதாரண மாடல்களோடு பொதுவானவை. பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் ஊரில் நிறைய. முன்பக்கம் அடிபட்ட, ஆனால் ஏர்பேக் வெடிக்காத, தண்ணீர் பார்க்காத ஒரு போலோவைத் தேடிப்பிடித்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் பிள்ளையும் கையில் கிரீஸோடு உட்கார ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கிறது. தோற்றாலும் வீடு அடமானத்துக்குப் போகாது.

காரை எழுப்பிய பிறகு அதை எங்கே ஓட்டுவது? வேளச்சேரி நூறடி ரோட்டில் வேகத்தடைகளுக்கு நடுவில் 400 குதிரைத் திறன் இருந்தால் என்ன, 40 இருந்தால் என்ன? ஈ.சி.ஆரில் இரவு நேரத்தில் பறப்பவர்களால் என்ன நடக்கிறது என்பதைக் காலைச் செய்திகளில் பார்க்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டும் 'டிராக் டே' நாள்கள் அங்கே நடப்பதுண்டு. ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். முதல் ரவுண்டை மெதுவாகவே ஓட்டுங்கள். நீங்களே முறுக்கிய போல்ட் எது சரியாக முறுக்கப்படவில்லை என்று அந்த ரவுண்டில்தான் தெரியும்.